நிலக்கரிக்கு வைத்த வெடி: பிரிட்டனில் ஒரு சுற்று

சனி, எல்ட்டர்வாட்டர்

மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். ஊரிலிருந்து வரும் அப்பாக்களுக்குக் காட்ட வேண்டிய இடங்களை எல்லாம் போன தடவையே காட்டிவிட்டாள். "இந்தத் தடவை என்னப்பா பார்க்கணும்?" என்றாள். நிலக்கரிக்கு வெடி வைத்த இடங்களைப் பார்க்கணும் என்றேன். சிரித்தாள், ஆனால் லீவு போட்டுவிட்டாள்.

நான் தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷாட்ஃபயரராக, அதாவது வெடி வைப்பவனாக இருந்து, பிறகு மேற்பார்வை பார்க்கும் ஓவர்மேனாகி ஓய்வு பெற்றவன். நாங்கள் குழிக்குள் கொண்டுபோன வெடிமருந்துப் பெட்டிகளில் பி-1, பி-3, பி-5 என்று மருந்தின் வகை அச்சிட்டிருக்கும். வெடி வைக்கும் முன் வாயு பார், சுற்றிலும் கல்தூள் தூவு, துளையைக் களிமண்ணால் நன்றாகக் கெட்டி, ஆட்களை விலக்கிக் காவல் போடு என்று பரீட்சைக்காக நாங்கள் உருப்போட்ட விதிகளும் அந்த பி-எண்களும் பிரிட்டனிலிருந்து வந்தவை. எந்த விதி எந்த ஊரில், யார் செத்த பிறகு பிறந்தது என்று பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

முதல் நாள் ஏரி மாவட்டம். எல்ட்டர்வாட்டர் என்ற இந்தச் சின்ன ஊருக்கு எல்லோரும் மலையேறவும் ஏரி பார்க்கவும் வருகிறார்கள். நாங்கள் கரிமருந்து ஆலை இருந்த இடத்தைத் தேடி வந்தோம். கரிமருந்து என்றால் மரக்கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் கலந்த பழைய துப்பாக்கி மருந்து. 1824இல் தொடங்கிய ஆலை. இன்று அதே இடத்தில் விடுமுறை வீடுகள், நீச்சல் குளம், உணவகம். மருந்து அரைத்த பெரிய கல் உருளைகளை மட்டும் அலங்காரத்துக்காக விட்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஏன் ஆலை வைத்தார்கள் என்பது ஓடையைப் பார்த்ததும் புரிந்தது. சரிவான இடம், வருடம் முழுக்கத் தண்ணீர், நீர்ச்சக்கரத்துக்கு வேறென்ன வேண்டும். மரக்கரிக்குச் சுற்றுக் காடுகளில் ஆல்டர், ஜூனிப்பர் மரங்கள். கந்தகம் சிசிலியிலிருந்து கப்பலில் வந்தது. மூன்று சரக்கில் அதிக எடை வெடியுப்புதான். அது வங்காளம், பிஹார் பக்கமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக வந்தது. மாட்டுத் தொழுவ மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பு இவ்வளவு தூரம் வந்து இங்கிலாந்தின் குவாரிகளிலும் சுரங்கங்களிலும் வெடித்திருக்கிறது.

ஆலைக்குள் செருப்பில் இரும்பு ஆணி கூடாது, தீப்பெட்டி இருக்கிறதா என்று உடலைத் தடவிப் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தில் செட்ஜ்விக், கேட்பெக், லோவுட் என்று இப்படிப் பல ஆலைகள் இருந்தன. சுரங்கங்களில் கரிமருந்துக்கு இடம் சுருங்கச் சுருங்க ஒவ்வொன்றாக மூடி, 1937க்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏன் சுருங்கியது என்பதுதான் இந்தப் பயணத்தின் கேள்வி. கரிமருந்து நல்ல மருந்து. நிலக்கரிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அது வேகமாக எரிகிறதே தவிர, டைனமைட் மாதிரி ஒரு நொடிக்குள் சிதறடிப்பதில்லை. கரியை மெல்லத் தள்ளிப் பெரிய பெரிய பாளமாகப் பெயர்த்துத் தரும். பெரிய பாளத்துக்குச் சந்தையில் நல்ல விலை, தூளுக்கு விலை இல்லை. அதனால் முதலாளிக்கும் அது பிடித்தது, தொழிலாளிக்கும் பிடித்தது. பிடிக்காமல் இருந்தது, நிலக்கரியிலிருந்து கசிந்து தீப்பற்றும் மீத்தேன் வாயுவுக்கு மட்டும். இல்லை, மீத்தேனுக்குத்தான் மிகவும் பிடித்தது என்று சொல்ல வேண்டும். மெதுவாக எரிவதால் சுடர் நீளம். அந்தச் சுடர் வெகுநேரம் நிற்கும்.

ஞாயிறு, வொயிட்ஹேவன்

மலையைத் தாண்டி மேற்குக் கடற்கரைக்கு வந்தோம். வொயிட்ஹேவன் அழகான துறைமுக ஊர். மேட்டில் ஒற்றை மெழுகுவர்த்தித் தாங்கி போல நிற்பது வெலிங்டன் சுரங்கத்தின் பழைய புகைபோக்கி. உள்ளூரில் அதை 'கேண்டில்ஸ்டிக்' என்றே அழைக்கிறார்கள்.

சால்ட்டம் சுரங்கத்தை மேலே செங்குத்தான பாறை ஓரத்திலிருந்துதான் பார்த்தோம். கீழே கடல் மட்டத்தை ஒட்டி இயந்திர வீட்டின் சுவர்கள். மண் சரிவதால் இறங்குவது அவ்வளவு நல்லதல்ல என்றார்கள், என் முழங்காலும் அதையே சொன்னது. 1729இல் தோண்டத் தொடங்கிய குழி, ஆழம் 456 அடி. அங்கிருந்து கடலுக்கு அடியில் போய்க் கரி எடுத்தார்கள். லோதர் குடும்பத்தின் சொத்து; தோண்டியவர் அவர்களுடைய மேலாளர் கார்லைல் ஸ்பெடிங். பாறையை உடைக்க அவர் கரிமருந்து வைத்தார். நிலக்கரிக் குழி தோண்ட வெடிமருந்தைப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர். தகரங்களில் தொழிலாளியே மருந்தைச் சுமந்துபோய்க் கரிக்கும் வெடி வைத்த காலம் அதற்கு வெகு பின்னால் வந்தது.

ஸ்பெடிங்கின் இன்னொரு கண்டுபிடிப்பு 'ஸ்டீல் மில்'. கையால் சுற்றும் பல்சக்கரம் ஒரு எஃகுத் தட்டை வேகமாகச் சுழற்றும். அதில் சிக்கிமுக்கிக் கல்லை வைத்து அழுத்தினால் பொறி பறக்கும். வாயு இருக்கிற இடத்தில் மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஒரு பையன் இதைச் சுற்றிக்கொண்டு நிற்பான், அந்தப் பொறி வெளிச்சத்தில் பெரியவர் கரி வெட்டுவார். பொறிக்கு வாயு பற்றாது என்று நம்பினார்கள். பற்றியது, பல இடங்களில். ஸ்பெடிங் 1755இல் இங்கேயே ஒரு வாயு வெடிப்பில்தான் செத்தார். அதே ஊரில் வில்லியம் பிரௌன்ரிக் என்ற மருத்துவர் அந்த வாயுவைச் சுரங்கத்திலிருந்து குழாய் வழியாகத் தன் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்து ஆராய்ந்தார்.

மாலையில் வில்லியம் சுரங்கத்தின் நினைவுச் சின்னத்துக்குப் போனோம். கல்லில் இருந்த தேதியைப் படித்துவிட்டு மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 1947 ஆகஸ்ட் 15.

நம் ஊரில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த அதே நாள் சாயங்காலம் இங்கே 104 பேர் செத்திருக்கிறார்கள். சுரங்கங்கள் அந்த வருடம் ஜனவரி 1ஆம் தேதிதான் நாட்டுடைமை ஆகியிருந்தன. காரணம், கரி எடுத்த பிறகு விட்டுவிட்ட வெற்றிடத்துப் பக்கம் வைத்த வெடி. எங்கள் பாஷையில் 'கோஃப்'. கூரை விழுந்து கிடக்கும் அந்த இடத்தின் இடுக்குகளில் வாயு தங்கும். வாயு இருக்கிறதா என்று விளக்கை நீட்டிப் பார்த்தாலும் எல்லா இடுக்கையும் எட்டாது. வெடி எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் கோஃப் பக்கத்தில் வைக்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவருக்கு வில்லியம் சுரங்கம் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வாக்கியம் இங்கிருந்துதான் புறப்பட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மூன்று பேர் மட்டும் மறுநாள் தாங்களாகவே நடந்து வெளியே வந்தார்களாம்.

திங்கள், ஆர்டீர்

ஸ்காட்லாந்துக்குள் வந்தாயிற்று. ஸ்டீவன்ஸ்டன் ஊரின் ஓரம், அயர்ஷைர் கடற்கரை. மணல் மேடு, புல், காற்று. பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று மகள் நினைத்திருக்க வேண்டும். காரை விட்டு இறங்கவே இல்லை.

ஆல்ஃபிரட் நோபெல் தேடியதும் எதுவும் இல்லாத இடத்தைத்தான். 1867இல் சர்ரே மாவட்டம் மெர்ஸ்டம் குவாரியில் அவர் டைனமைட்டை வெடித்துக் காட்டினார். ஆனால் டைனமைட்டின் மூலச் சரக்கான நைட்ரோகிளிசரின் சுத்த நிலையில் ஏற்கெனவே பல இடங்களில் உயிர் குடித்திருந்ததால் 1869இல் நாடாளுமன்றம் அந்தச் சரக்குக்கே கிட்டத்தட்ட தடை போட்டது. பிறகு கிளாஸ்கோ வியாபாரிகள் பணம் போட, 1871இல் கம்பெனி, 1873இல் இந்த மணல் மேட்டில் ஆலை. ஒருகாலத்தில் உலகிலேயே பெரிய வெடிமருந்து ஆலை என்று பெயர் எடுத்தது. 1926இல் ஐசிஐ என்ற பெரிய ரசாயனக் கம்பெனி உருவானபோது அதில் சேர்ந்தது.

மணலுக்கும் வேலை இருந்தது. ஒவ்வொரு கொட்டகையையும் சுற்றி மணல் கரை. ஒன்று வெடித்தால் பக்கத்துக் கொட்டகை தப்பிக்கும். நைட்ரோகிளிசரின் தயாராகும் இடத்தில் ஒரு ஆள் வெப்பமானியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சூடு ஏறினால் கதை முடிந்தது. அவருக்குக் கொடுத்த முக்காலிக்கு ஒரே கால். கண் அசந்தால் விழுந்துவிடுவார். தோட்டா சுற்றும் வேலையில் பெரும்பாலும் பெண்கள். தலையில் ஊசி, கொண்டைக் கம்பி எதுவும் கூடாது.

நைட்ரோகிளிசரின் தலைவலி பற்றி நான் தனியாகவே எழுதலாம். தோட்டாவைக் கையால் தொட்டாலே தோல் வழியாக ஏறி, மண்டை பிளக்கும். சில நாள் தொடர்ந்து தொட்டால் உடம்பு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்தால் திங்கட்கிழமை மறுபடி ஆரம்பம். இங்கே ஆலைப் பெண்கள், ஆண்கள் எல்லோருக்கும் அதே திங்கட்கிழமைத் தலைவலிதான். பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கத் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. இதைச் சொன்னதும் மகள், "நீங்களும் அப்படிப் பண்ணினீங்களா?" என்றாள். நான் அனாசின் போட்டேன்.

இன்னொரு தொல்லை குளிர். நைட்ரோகிளிசரின் சுமார் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பிரிட்டனில் வருடத்தில் பாதி நாள் அதற்குக் கீழேதான். உறைந்த குச்சியை உருக்குவதற்கு சுவர்களுக்கு நடுவில் வெந்நீர் ஊற்றிய இரட்டைச் சுவர்ப் பாத்திரம் தருவார்கள். பொறுமை இல்லாதவன் அடுப்புப் பக்கத்தில் வைப்பான். பிற்பாடு நைட்ரோகிளைக்கால் கலந்து உறையாமல் செய்தார்கள். 'போலார்' என்று பெயர் தொடங்கும் தோட்டாக்கள் அந்த வகை. போலார் ஏஜாக்ஸ் என்ற பெயரைப் பழைய பிரிட்டிஷ் தொழிலாளி யாரிடம் சொன்னாலும் முகம் மாறும்.

டைனமைட்டை நிலக்கரியில் நேரடியாக வைத்தால் கரி பொடிப்பொடியாகிவிடும், அதனால் அது பாறைக்கும் குழி தோண்டவும்தான் முதலில் போனது. கரிக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அர்வின் ஊர். கண்டுபிடிப்புகளுக்காக 2000இல் இங்கே ஒரு அறிவியல் மையம் திறந்து, மூன்றே வருடத்தில் மூடிவிட்டார்கள். அதற்காகக் கட்டிய பாலம் இன்னும் இருக்கிறது. கடக்கத்தான் முடியாது.

செவ்வாய், சாலையில்

நாள் முழுக்க மழை, தெற்கு நோக்கி நெடுஞ்சாலை. எழுத ஒன்றும் இல்லை. பழைய சக ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டதற்குப் பதில் மட்டும்: வெடியே இல்லாமல் கரியைப் பெயர்க்கப் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். 1880களின் தொடக்கத்தில் டெர்பிஷைர் மாவட்டம் ஷிப்லி சுரங்கத்தில் சுட்ட சுண்ணாம்பை அழுத்தித் தோட்டாவாக்கித் துளைக்குள் வைத்து, குழாய் வழியாகத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சுண்ணாம்பு கொதித்து ஊதி, நீராவியும் சேர்ந்து கரியைத் தள்ளியது. சுடர் கிடையாது. நல்ல யோசனை, ஆனால் கெட்டியான கரியில் போதவில்லை, அது நிலைக்கவில்லை. வுல்விச் விஞ்ஞானி ஃபிரெட்ரிக் அபெல் தோட்டாவைத் தண்ணீர்ப் பையின் நடுவில் வைத்துப் பார்த்தார். 1930களில் 'கார்டாக்ஸ்' வந்தது: கனத்த எஃகுக் குழாயில் திரவக் கரியமில வாயு, உள்ளே ஒரு சூடேற்றி. மின்சாரம் கொடுத்தால் வாயு பொங்கி, குழாயின் முனைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு கரியைத் தள்ளும். கரி பாளமாகவே வரும். குழாயைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஆனால் அந்தக் கனத்தைக் குழிக்குள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

புதன், கேப்ஹவுஸ்

வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் தேசிய நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம். 1985இல் மூடப்பட்ட கேப்ஹவுஸ் சுரங்கம்தான் அது. கைபேசி, கைக்கடிகாரம், கார்ச் சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு தலையில் விளக்கு மாட்டிவிட்டார்கள். கூண்டில் 140 மீட்டர் இறக்கம். பலகைக் கதவு, சங்கிலி, மணி அடிக்கும் சத்தம். கூண்டு அசைந்ததும் என் கை தானாகவே மேல் கம்பியைப் பிடித்தது. வழிகாட்டி அதைக் கவனித்துவிட்டு, "நீங்கள் எந்தச் சுரங்கம்?" என்று கேட்டார். அவரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அதற்குப் பிறகு கூட்டத்தை விட்டுவிட்டு எங்கள் இருவருக்குள்ளேயே பேச்சு ஓடியது. மற்ற பார்வையாளர்களிடம் மகள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

அவர் சொன்ன பழைய முறை இது. கரி வெட்டுகிறவனே வெடி வைப்பான். மருந்தும் திரியும் கம்பெனியிடமே அவன் காசு கொடுத்து வாங்க வேண்டும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். 1872ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு ஒரு தகரத்தில் 4 பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இரும்புக் கம்பியால் துளையைக் குத்தக் கூடாது. அதற்கு முன்னால்? உதிரி மருந்தைக் கையால் கொட்டுவது, தலையில் மெழுகுவர்த்தி.

திரி இல்லாத காலத்தில் வைக்கோல் குழலிலோ வாத்து இறகின் தண்டிலோ மருந்தை அடைத்துப் பற்ற வைத்தார்கள். சில சமயம் பற்றிய கையோடு வெடிக்கும். சில சமயம் அணைந்துவிட்டது என்று திரும்பிப் போய்ப் பார்க்கும்போது வெடிக்கும். கார்ன்வாலில் டக்கிங்மில் என்ற ஊரில் தோல் வியாபாரி வில்லியம் பிக்ஃபோர்டு இந்தச் சாவுகளைப் பார்த்துப் பார்த்து, 1831இல் மருந்தை நடுவில் வைத்துச் சணலை முறுக்கிக் கயிறாக்கினார். ஒரு அடி எரிய ஏறக்குறைய அரை நிமிடம். இவ்வளவு நேரம் இருக்கிறது என்று முதல் தடவையாக ஒருவன் கணக்குப் பண்ணி ஓட முடிந்தது. பிக்ஃபோர்டு மூன்று வருடத்தில் செத்துப்போனார். தொழில் பெரிதாக வளர்ந்தது.

ஆனால் திரியும் நெருப்புதான். வாயு உள்ள சுரங்கத்தில் விளக்கை வலைக்குள் மூடிவிட்டு, வெடிக்கு மட்டும் பக்கத்தில் நெருப்பு வைத்தார்கள் என்பதை வழிகாட்டி இரண்டு தடவை சொன்னார். 1815இல் சுடரைக் கம்பி வலைக்குள் அடைத்த டேவி விளக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த எண்பது வருடமும் அதே சுரங்கங்களில் கரிமருந்து வெடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வந்ததால் இன்னும் வாயு அதிகமான இடங்களுக்குள் போகத் துணிந்தார்கள் என்பதும் உண்மை.

மேலே வந்ததும் அவரோடு டீ. தவறிய வெடிகளைப் பற்றிப் பேசினோம். அவர்கள் ஊரிலும் தவறிய துளையை மறுபடி தோண்டக் கூடாது, அதற்கு ஒரு அடி தள்ளி இணையாக வேறு துளை போட வேண்டும். அதே விதி, அதே அளவு. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நானும் சேர்ந்து சொன்னேன்.

வியாழன், பார்ன்ஸ்லி, அப்புறம் பக்ஸ்டன்

காலையில் பார்ன்ஸ்லி நகர மையத்தில் ஓக்ஸ் சுரங்க நினைவுச் சிற்பம். 1866 டிசம்பர் 12. 360க்கும் மேற்பட்டோர், இங்கிலாந்தின் மிகப் பெரிய சுரங்க விபத்து. அடுத்த நாள் மீட்கப் போனவர்கள் மீதும் ஒரு வெடிப்பு. காரணம் உறுதியாகவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் குழியடிக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு பெரிய கரிமருந்து வெடி வைத்திருந்தார்கள் என்பது சாட்சிகள் சொன்னது.

பக்ஸ்டனில் ஹார்பர் ஹில் மேட்டுக்குப் போனோம். 1920களில் சுரங்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியம் வாங்கிய பெரிய புல்வெளி. இன்றும் அரசு ஆய்வுக்கூடம், உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றபடி மகளுக்கு நான் ஒரு வகுப்பே எடுத்தேன். அவள் பிஸ்கெட் தின்றபடி கேட்டாள்.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். ஆனால் சூடான எதையாவது காட்டியதும் அது உடனே பற்றாது. கொஞ்ச நேரம் அந்தச் சூடு நீடிக்க வேண்டும். இந்தத் தாமதத்தை 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் மல்லாரும் ல ஷத்தலியேவும் அளந்தார்கள். அப்படியென்றால் வெடியின் சுடர் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக, கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தால் வாயு தப்பிக்கும். அம்மோனியம் நைட்ரேட்டைக் கலந்தால் சூடு இறங்கும். சாதாரண உப்பைக் கலந்தால் இன்னும் இறங்கும். பலமும் இறங்கும், அது போகட்டும். ராணுவத்துக்கு வெடிமருந்து செய்கிறவர்கள் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சுரங்கத்துக்குச் செய்கிறவர்கள் நூறு வருடம் அதைக் குறைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். தூங்குமூஞ்சி மருந்து என்று நாங்களே இளவயதில் பி-5ஐத் திட்டியிருக்கிறோம்.

சோதனை முறை எளியது. பெரிய இரும்புக் குழாயில் வாயுவும் காற்றும் நிரப்பி, ஒரு முனையில் பீரங்கி மாதிரி கனத்த எஃகுக் கட்டையின் துளையில் தோட்டாவை வைத்து உள்ளே சுடுவார்கள். பற்றினால் மருந்து தோல்வி. முதலில் 1897இல் வுல்விச்சில், பிறகு ராதரமில், பிறகு இங்கே.

1930களில் தோட்டாவுக்குச் சட்டை போட்டார்கள். சட்டைக்குள் சோடியம் பைகார்பனேட். நம் வீட்டு ஆப்ப சோடாதான். வெடிக்கும்போது அது சிதைந்து கரியமில வாயுவைக் கக்கிச் சுடரைச் சுற்றி வளைத்து அமுக்கிவிடும். சட்டை கிழிந்தால் பயன் போச்சு, கிழியாமல் துளைக்குள் தள்ளுவது சிரமம். அதனால் 1950களில் குளிர்விக்கும் உப்பை மருந்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சாதா வகை பி-1, சட்டை போட்டது பி-2, சட்டைக்குச் சமமானது பி-3. அதற்குப் பிறகு வந்தவை பி-4, பி-5. என் தோட்டாப் பெட்டியில் பி-2 ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா என்றேன். "ப்பா, எனக்கு உங்க பெட்டியில் என்ன இருந்தது என்றே தெரியாது" என்றாள்.

தொழிலாளர்களை இங்கே கூட்டி வந்து, வாயுவே இல்லாமல் வெறும் கரித்தூசு வெடிப்பதைக் காட்டுவார்களாம். பார்த்தால்தான் நம்புவார்கள். கரித்தூசுப் பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், அதற்குரிய ஊர் வேல்ஸில் இருக்கிறது.

வெள்ளி, செங்கனித், கில்வனித்

செங்கனித்தில் தேசிய நினைவுத் தோட்டம். 1913 அக்டோபர் 14. 439 தொழிலாளிகள், மீட்கப் போன ஒருவர். பிரிட்டனின் மிகப் பெரிய சுரங்க விபத்து. தரையில் பதித்த ஓடுகளில் பெயர், வயது, தெரு. இங்கே வெடிமருந்து காரணமில்லை, மின்மணியின் பொறி என்று சந்தேகித்தார்கள். மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். மகள் மட்டும் பெயர்களைக் கடைசி வரை படித்தாள்.

மலையைத் தாண்டினால் கில்வனித். ஆல்பியன் சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம். மாலை விட்டுப் பிள்ளைகள் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வர நினைத்த முக்கியமான இடம் இதுதான். பார்க்க ஒன்றுமில்லை. பரவாயில்லை.

1894 ஜூன் 23, சனிக்கிழமை மாலை நாலு மணி நெருங்கும் நேரம். பழுதுபார்க்கும் ஷிஃப்ட். ஒரு பாதையில் பழைய தாங்குமரங்களை மாற்ற வேண்டும். கோடரியால் வெட்டலாம், நேரமாகும். அதனால் மரத்துக்கு வெடி வைத்தார்கள். துளை போட்ட பாறைக்குள் வைத்த வெடிக்கு நாலு பக்கமும் அணைப்பு உண்டு, சுடரில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கும். மரத்துக்கு வைத்ததற்கு அந்த அணைப்பு எங்கே? சுடர் அப்படியே பாதைக்குள் வந்து, தங்கியிருந்த வாயுவைப் பற்றியது. அந்த வாயு மட்டும் என்றால் சிலர் செத்திருப்பார்கள். உலர்ந்த சுரங்கம் அது. பாதை நெடுகக் கரித்தூசு. முதல் அதிர்வு தூசைக் கிளப்பியது, பின்னால் வந்த சுடர் அதைத் தின்றுகொண்டே போனது. 290 பேர். குதிரைகளும் நூற்றுக்கு மேல்.

1887ஆம் வருடச் சட்டத்திலேயே, தூசு உள்ள இடத்தில் வெடி வைத்தால் சுற்றிலும் 20 கெஜத்துக்குத் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும் என்று இருந்தது. தூசைப் பற்றி யாருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஹாஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் செத்தபோது, 1844இல், அரசு அனுப்பி விசாரித்தவர் மைக்கேல் ஃபாரடே. தூசு எரிந்து விபத்தைப் பெரிதாக்கியதை அவர் எழுதினார். 1870களில் இதே தெற்கு வேல்ஸின் ஆய்வாளர் வில்லியம் கேலோவே சோதனை செய்து தூசுதான் வில்லன் என்று ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை, அவர் வேலையை விட வேண்டி வந்தது. பிற்காலத்தில் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள், 1924இல்.

ஆல்பியனுக்குப் பிறகு 1896இல் சட்டம் மாறியது. வாயுவோ தூசோ உள்ள சுரங்கங்களில், சோதித்துத் தேறிய வெடிமருந்துப் பட்டியலில் உள்ளதை மட்டும்தான் வைக்கலாம், கரிமருந்து கூடாது. நாங்கள் வெடிமருந்துக்குச் சொல்லும் 'பெர்மிட்டட்' (அனுமதி பெற்றது) என்ற சொல் அந்தப் பட்டியலிலிருந்து வந்தது. தூசை அடக்கத் தண்ணீரைவிடக் கல்தூளே மேல் என்பதை யார்க்ஷைரின் ஆல்டாஃப்ட்ஸில் வில்லியம் கார்ஃபோர்த் 1908 முதல் பெரிய குழாய்களில் வெடித்துக் காட்டினார். கல்தூள் கட்டாயமானது 1920இல்.

பட்டியல் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. தெற்கு வேல்ஸில் பெரிய கரிக்குத்தான் கூலி, தூளுக்குக் கிடையாது. புது மருந்து கரியை நொறுக்கியது. அதனால் 'பாபினைட்' என்று ஒரு சரக்கு புகுந்தது: கரிமருந்தையே அழுத்தி, மாவும் மெழுகும் சேர்த்துச் சுடரைக் கொஞ்சம் தணித்தது. அது பட்டியலில் இடமும் பிடித்தது. ஆபத்து என்று ஒரு தரப்பு கத்த, பாளம் வேண்டும் என்று இன்னொரு தரப்பு கத்த, அரசு ஒரு குழு போட்டு விசாரித்தது. தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தூளுக்கும் கூலி கொடுத்திருந்தால் அவன் எதற்குப் பழைய மருந்தைக் கேட்கப் போகிறான்? விதியை எழுதியவர்கள் வாயுவைப் பார்த்த அளவுக்குக் கூலிச் சீட்டைப் பார்க்கவில்லை. இது எங்கள் பக்கமும் நடந்ததுதான், டன்னுக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்துவிட்டு வெடிக்கு முன் காத்திருக்கச் சொன்னால் யார் காத்திருப்பார்கள்?

கடைசியில் இதைத் தீர்த்தது விதி இல்லை, இயந்திரம். 1952இல் ஆண்டர்டன் வடிவமைத்த ஷியரர் என்ற இயந்திரம் கரியைச் சீவித் தானே கன்வேயரில் ஏற்றியது. கரி வெட்டும் இடமான ஃபேஸில் வெடி தேவைப்படுவது வருடத்துக்கு வருடம் குறைந்தது. ஷாட்ஃபயரர்கள் பாதை வெட்டும் இடத்துக்கு நகர்ந்தார்கள். 2015 டிசம்பரில் கெல்லிங்லி சுரங்கம் மூடியதோடு பிரிட்டனில் ஆழமான நிலக்கரிச் சுரங்கமே முடிந்தது.

பள்ளிக் காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஆல்பியன் என்றேன். கைகாட்டி, நினைவுக்கல் எங்கே என்று சொன்னார். மழை பிடித்துக்கொண்டது. மான்செஸ்டருக்கு நாலு மணி நேர ஓட்டம், திங்கட்கிழமை அவளுக்கு ஆபீஸ். டக்கிங்மில்லுக்கு அடுத்த தடவை. இந்த முழங்காலுக்குக் கார்ன்வால் ரொம்பத் தூரம்.